‘வயசானா மறதி வரத்தான் செய்யும்’ என்பது மருத்துவம் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

போன வருடம் தை முடிந்த சமயம் என் மனைவி, "எனக்கு என்னமோ ஆகுதுங்க. பால் பொங்கி வழியறப்பதான் அடுப்புல வச்சதே ஞாபகம் வருது" என்றார். வயது 68. அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். "வயசானா மறதி வரத்தாம்மா செய்யும்" என்று சொல்லி, ஒரு சத்து மாத்திரையை எழுதிக்கொடுத்து இரண்டே நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். வாசலில் அத்தனை பேர் காத்திருந்தார்கள்; அந்த மருத்துவரை மட்டும் குறைசொல்ல மாட்டேன்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் என் மனைவி யாரிடமும் வாய் திறக்கவில்லை. பெயர் மறந்து அவமானப்பட்டுவிடுவோமோ என்று கல்யாணங்களுக்குப் போவதைக்கூட நிறுத்திவிட்டார். கடைசியில் வேறொரு மருத்துவர் அவரை நிதானமாக உட்காரவைத்து விசாரித்து, ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். வைட்டமின் பி12 மிகக் குறைவு. நாங்கள் சைவம், அதோடு என் மனைவி சர்க்கரைக்காகப் பல வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். அந்த மாத்திரை நாள்பட பி12-ஐக் குறைக்கக்கூடும் என்பதை அன்றுதான் அறிந்தேன். ஊசி போட்டார்கள், மெல்லத் தேறினார்.

எல்லோருடைய மறதியும் ஊசியில் போய்விடும் என்று நான் சொல்லவில்லை. நம் நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருக்கலாம் என்று 2023-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. ஆனால் தைராய்டு குறைவு, மனச்சோர்வு, காது கேளாமை, தூக்க மாத்திரை ஆகியவையும் நினைவைக் குழப்பும். எது எது என்று பிரித்துப் பார்க்காமல் ‘வயசு’ என்று ஒதுக்கினால், தீர்க்கக்கூடியதும் தீராமல் போகிறது.

இதற்கு நேர்மாறான தவறையும் எங்கள் தெருவிலேயே பார்த்தேன். நடவு வேலைக்குப் பெண்களைக் கூட்டிப்போகும் ஓர் அம்மாவை ஒரு முகாமில் சோதித்தார்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கவும், ஒன்றோடொன்று வெட்டிக்கொள்ளும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரையவும் சொன்னார்கள். பென்சிலையே பிடித்தறியாதவர் அவர். மதிப்பெண் குறைந்தது. அவர் எதிரிலேயே மகனிடம், "அம்மாவுக்கு மறதிநோய் ஆரம்பிச்சிடுச்சு" என்று சொல்லிவிட்டார்கள். யார் அரை நாளில் கிளம்பினாள், யாருக்கு எவ்வளவு முன்பணம் கொடுத்தது என்று 14 பெண்களின் கூலிக் கணக்கை இன்றும் மனதிலேயே வைத்திருப்பவர் அவர். அந்த வாரமே அவருடைய வங்கிப் புத்தகத்தை மகன் வாங்கி வைத்துக்கொண்டான்.

அந்த முகாமில் கேட்ட கேள்விகள் 1975-இல் அமெரிக்காவில் உருவான 30 மதிப்பெண் சோதனையில் உள்ளவை. எழுதப்படிக்கத் தெரிந்தவர்களை மனதில் வைத்து அமைந்தவை. எழுத்தறியாதவர்களுக்கு ஏற்ற இந்தி வடிவத்தை 1990-களிலேயே ஹரியானாவின் பல்லப்கரில் தயாரித்துவிட்டார்கள். படிப்பின் அளவு முடிவைப் பாதிக்காத முறையொன்றை ‘10/66’ என்ற பன்னாட்டு ஆய்வுக் குழு சென்னையிலும் வேலூரிலும் பயன்படுத்தியிருக்கிறது. நம் மண்ணிலேயே நடந்த வேலை நம் முகாமுக்கு ஏன் வந்து சேரவில்லை?

சென்னை கிண்டியில் முதியோருக்கென்று தேசிய மருத்துவமனை இருப்பது நல்லதுதான். கும்பகோணத்திலிருந்து அது கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர். பால் பொங்கியதற்காக யார் அவ்வளவு தூரம் போவார்கள்? ஆனால் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீட்டு வாசலுக்கே வருகிறது. பிரஷர் பார்க்கிறார்கள், சர்க்கரை மாத்திரை தருகிறார்கள். அப்படி வரும் தன்னார்வலர், "ஞாபகத்தைப் பத்தி ஏதாவது கவலை இருக்காம்மா?" என்று பெரியவரிடமே கேட்கட்டும். மகனிடமோ மருமகளிடமோ மட்டும் கேட்டால் போதாது. ‘இருக்கு’ என்று சொன்னவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பி12, தைராய்டு, காது, மனச்சோர்வு ஆகியவற்றைப் பார்க்கட்டும். இது முடியாத காரியமல்ல; கேரள அரசு ‘ஓர்மத்தோணி’ என்று மறதிநோய்க்கெனத் தனித் திட்டமே வைத்திருக்கிறது.

சுகாதாரத் துறைக்கு என் வேண்டுகோள் இதுதான்: படிக்காதவர்களுக்கும் பொருந்தும் தமிழ்ச் சோதனை கைக்கு வரும்வரை, முகாம்களில் அந்த ஐங்கோணத் தாளை வைத்து யாருக்கும் நோய்ப் பெயர் சூட்டாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் அலுவலர்,
கும்பகோணம்.