பதினொரு பேரை மாற்றினால் மட்டும் போதுமா? இலங்கை அணிக்குப் பருத்தித்துறையிலிருந்து சில யோசனைகள்

வெள்ளிக்கிழமை இரவு இஷா தொழுதுவிட்டு வந்து ரீவிக்கு முன்னால் குந்தினவர்கள், எழும்பும்போது நடுச்சாமம் தாண்டிவிட்டது. இந்தியா 202. இலங்கையும் 202. பத்தும் நிஸ்ஸங்க 58 பந்தில் 107. குசல் பெரேரா 32 பந்தில் 58. பிறகு சூப்பர் ஓவர். அதில் நாங்கள் எடுத்தது 2 ஓட்டம். இந்தியா முதல் பந்திலேயே 3 ஓட்டம் ஓடிக் கதையை முடித்துவிட்டது.

"நல்லாத்தான் விளையாடினவங்கள் சேர், விடுங்கோ" என்று ஆறுதல் சொல்கிறார்கள். விடுவதாக இல்லை. ஆசியக் கிண்ணத்தின் சூப்பர் நான்கு சுற்றில் மூன்று போட்டி, மூன்றும் தோல்வி. பங்களாதேஷிடம் ஒரு பந்து மிச்சம் இருக்கத் தோற்றோம். பாகிஸ்தானுக்கு எதிராக 133 ஓட்டத்தோடு நின்றோம். அதற்கு முன்னர், செப்டம்பர் 6ஆம் திகதி ஹராரேயில் சிம்பாப்வேயிடம் 80 ஓட்டங்களுக்குச் சுருண்டோம். 2026 பெப்ரவரியில் ரி20 உலகக் கிண்ணம் எங்கள் நாட்டிலும். இப்போது பேசாமல் எப்போது பேசுவது?

முதலில் "நாங்கள்" யார் என்று சொல்லிவிடுகிறோம். பருத்தித்துறையில் இலங்கை அணிக்காகக் கத்துகிற ஒரு சின்னக் கூட்டம். வாத்திமார், ஓட்டோ ஓடுகிறவர்கள், வாடியில் மீன் நிறுக்கிறவர்கள், உயர்தரம் எடுத்துவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கிற பெடியள். இங்கே இலங்கை அணிக்குக் கை தட்டுவது லேசான காரியமில்லை. பக்கத்து மேசைக்காரர் இந்தியாவுக்குக் கை தட்டுவார். அவருக்கு அவருடைய நியாயம் இருக்கும். எங்களில் முஸ்லிம்களாக இருக்கிறவர்களுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. பாகிஸ்தான் போட்டி நடந்த அன்று தேத்தண்ணிக் கடையில் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "இண்டைக்கு ஆர் வெண்டாலும் உங்களுக்குச் சந்தோசம்தானே சேர்?" அவர் பகிடிக்குக் கேட்டார். எங்களுக்குப் பிளேன்ரீ இறங்கவில்லை.

இப்படி இரண்டு பக்கமும் இடி வாங்கிக்கொண்டு ஒரு அணியைத் தூக்கிப் பிடிக்கிறவர்களுக்கு, அந்த அணியைத் திட்டுகிற உரிமை மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூட இருக்கிறது என்று நம்புகிறோம். ஆகவே தொடங்குகிறோம்.

கடைசி இரண்டு வருட இலக்கங்களை ஒருமுறை வாசியுங்கள். 2023 ஆசியக் கிண்ண இறுதிப் போட்டியில் கொழும்பில் 50. அதே வருடம் உலகக் கிண்ணத்தில் மும்பையில் 55. 2024 ரி20 உலகக் கிண்ணத்தில் நியூயோர்க்கில் 77. 2024 நவம்பரில் டர்பன் டெஸ்டில் 42. இப்போது ஹராரேயில் 80. யாருடையதோ தொலைபேசி இலக்கம் மாதிரி இருக்கிறது. 2023 உலகக் கிண்ணத்தில் ஒன்பதாம் இடத்துக்குப் போனதால் 2025 சாம்பியன்ஸ் கிண்ணத்துக்கு அழைப்பே வரவில்லை. அந்தப் போட்டி தொடங்குவதற்கு ஐந்து நாள் முன்னர் கொழும்பில் அவுஸ்திரேலியாவை 174 ஓட்டத்தால் அடித்தோம். அடி வாங்கியவர்கள் பாகிஸ்தானுக்கு விளையாடப் போனார்கள், அடித்தவர்கள் வீட்டில் இருந்து பார்த்தார்கள். திறமை இல்லாத அணி இல்லை இது. ஒருநாள் மலை, ஒருநாள் மடு. அதுதான் வயிற்றெரிச்சல்.

சரி, எங்கள் யோசனைகள்.

1. முதல் மூன்று இடத்தைத் தொடாதீர்கள். நிஸ்ஸங்க, குசல் மெண்டிஸ், குசல் பெரேரா. இந்தியாவுக்கு எதிராகப் பெரேரா மூன்றாவதாக வந்தார், பலனைக் கண்ணால் கண்டோம். கமில் மிஷார நல்ல பிள்ளை. அவரை மாற்று ஆளாக அணியோடு வைத்திருங்கள். ஒரு நாள் மூன்று, மறுநாள் வெளியே என்று பம்பரம் விடாதீர்கள்.

2. நான்காம் இலக்கத்தைக் கமிந்து மெண்டிஸுக்கு எழுதிக் கொடுங்கள். டெஸ்டில் 13 இன்னிங்ஸில் 1000 ஓட்டம் எடுத்தவர், டொன் பிரட்மனும் அதே 13 இல்தான் எடுத்தார். பாகிஸ்தானுக்கு எதிரான அந்த 133 இல் 50 அவருடையது. இரண்டு கையாலும் பந்து வீசுவார். இப்படி ஒருவரை எந்த அணியும் "எங்கே இடம் வருகிறதோ அங்கே போ" என்று அனுப்பாது.

3. தலைவர் கதிரையைச் சங்கீதக் கதிரை ஆக்காதீர்கள். 2021 இலிருந்து ரி20 அணிக்குக் குசல் பெரேரா, தசுன் ஷானக, வனிந்து ஹசரங்க, சரித் அசலங்க என்று நாலு தலைவர்கள். அசலங்கவை மாற்றச் சொல்லவில்லை. ஒருநாள் போட்டியில் அவர் தங்கம். ஆனால் ரி20 இல் தலைவர் என்பதற்காக மட்டும் ஒருவருக்கு இடம் இருக்கக் கூடாது. உலகக் கிண்ணம் வரை இவர்தான் என்று சொல்லிவிட்டு, ஓட்டக் கணக்கை அவரிடமும் மற்றவர்களிடம் கேட்பது மாதிரியே கேளுங்கள்.

4. முடித்து வைக்க ஒரே ஆளை நம்பாதீர்கள். பங்களாதேஷுக்கு எதிராக ஷானக ஆட்டமிழக்காமல் 64. மூன்று நாள் கழித்துப் பாகிஸ்தானுக்கு எதிராகப் பூச்சியம். ஆறாம் இலக்கம் சூது மாதிரி ஆகிவிட்டது. ஒரு இளையவரைத் தெரிவு செய்து, தொடர்ந்து பத்துப் போட்டி கொடுங்கள். இரண்டு போட்டியில் அடிக்கவில்லை என்று வெட்டினால், பிறகு வருகிறவனும் பயந்து பயந்துதான் மட்டையைத் தூக்குவான்.

5. இருபதாவது ஓவருக்கு ஒரு வேகப்பந்து வீச்சாளரை முதலே ஒதுக்கி வையுங்கள். ஆப்கானிஸ்தான் போட்டியில் கடைசி ஓவரைத் துனித் வெல்லாலகேயிடம் கொடுத்தார்கள். முகமது நபி ஐந்து சிக்சர் அடித்தார், அந்த ஓவரில் போனது 32. அந்தப் பிள்ளைமீது எங்களுக்கு ஒரு துளி கோபமும் இல்லை. அன்றிரவே தகப்பனை இழந்தவர், நல்லடக்கத்துக்குப் போய்விட்டு அணிக்குத் திரும்பி வந்தவர். கோபம், சுழல்பந்து வீச்சாளரைக் கடைசி ஓவரில் நிறுத்துகிற அளவுக்குக் கணக்குப் பிழைத்தவர்கள்மீதுதான்.

இதுவரை சொன்னதை எந்தத் தேத்தண்ணிக் கடையிலும் சொல்வார்கள். இந்த ஐந்தையும் நாளைக்கே செய்தாலும் அடுத்த வருடம் இதே இடத்தில் இதே மாதிரிப் புலம்பிக்கொண்டு இருப்போம் என்று எங்களுக்குத் தெரியும். ஏன்?

அந்த சூப்பர் ஓவரைத் திரும்பவும் நினையுங்கள். 107 அடித்த நிஸ்ஸங்க ஏன் வரவில்லை? தசைப்பிடிப்பு இருந்தது, ஆபத்து எடுக்க விரும்பவில்லை என்று பயிற்றுநர் சனத் ஜயசூரிய சொன்னார். நம்புகிறோம். ஆனால் ஒருவருக்குக் கால் பிடித்தால் ஆறு பந்துக்கு ஆள் இல்லாத நாடு எங்களுடையது. அதுதான் நோய். வாங்கிலில் ஆள் இல்லை, ஏனென்றால் நாங்கள் தூண்டில் போடுகிற குளம் சின்னன்.

முதல்தரக் கிரிக்கெட் கழகங்களில் பெரும்பகுதி கொழும்பிலும் அதன் சுற்றுவட்டத்திலும். எஸ்.எஸ்.சி., என்.சி.சி., கோல்ட்ஸ் எல்லாம் கொழும்பு. "தமிழ் யூனியன்" என்று ஒரு கழகம் இருக்கிறது, அதுவும் பொரளையில். 1948 இல் பிரட்மனின் அணிக்கு எதிராகச் சிலோனுக்குத் தலைமை தாங்கிய மகாதேவன் சதாசிவமும், டெஸ்டில் 800 விக்கெட் எடுத்த முரளிதரனும் தமிழர்கள் என்று நெஞ்சை நிமிர்த்துகிறோம். சரிதான். ஆனால் கொழும்பும் கண்டியும்தான் அவர்களை ஆளாக்கின. வடக்கின் மைதானங்கள் ஆளாக்கவில்லை. கிரிக்கெட் சபையின் தலைவரைத் தெரிவு செய்கிற வாக்கிலும் கழகங்களின் கைதான் ஓங்கி இருக்கிறது. 2025 மார்ச்சில் அந்தத் தெரிவு போட்டியே இல்லாமல் முடிந்தது. வாக்கு வைத்திருக்கிறவன் தன் வாக்கைத் தானே குறைப்பானா?

இனி எங்கள் பெயரில் நடக்கிற வேடிக்கை. லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாண அணி 2020, 2021, 2022, 2024 என்று நாலு தடவை கிண்ணம் வென்றது. நாலு தடவை! அம்பாந்தோட்டையில் விளையாடினார்கள், கண்டியில், தம்புள்ளையில், கொழும்பில் விளையாடினார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு பந்தும் வீசப்படவில்லை. எங்கள் ஊர்ப் பெயரைச் சட்டையில் போட்ட அணியைப் பார்க்க, பருத்தித்துறைப் பிள்ளை ராத்திரி பஸ் ஏறிக் கொழும்புக்குப் போக வேண்டும்.

இதைத் தமிழ்நாட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே ரி.என்.பி.எல். தொடங்கியபோது போட்டிகளைத் திண்டுக்கல் நத்தத்துக்கும் திருநெல்வேலிக்கும் கொண்டுபோனார்கள். சேலம் பக்கம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் யோர்க்கர் போட்டுக்கொண்டிருந்த நடராஜன் அந்த லீக்கில் கண்ணில் பட்டு, 2020-21 அவுஸ்திரேலியச் சுற்றுலாவில் மூன்று வகைக் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்கு அறிமுகமானார். எங்கள் கரையிலும் டென்னிஸ் பந்தில் யோர்க்கர் போடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்க யார் வருகிறார்கள்?

வரவில்லை என்பது மட்டுமில்லை. ஒருமுறை எங்கள் மாணவர்கள் இருவருக்குப் பொருத்தமான தெரிவு முகாம் ஒன்று தூர மாவட்டத்தில் நடந்தது. அறிவித்தல் சிங்களத்தில் மட்டும் வந்தது. வாசித்துச் சொல்ல ஆள் பிடித்து விளங்கியபோது விண்ணப்பத் திகதி முடிந்து மூன்று நாள். அந்த இருவரில் ஒருவன் இப்போது தகப்பனோடு கடலுக்குப் போகிறான். அவன் பெரிய வீரனாக வந்திருப்பான் என்று சத்தியம் பண்ண மாட்டோம். அவனை யாரும் பார்க்கவே இல்லை என்பதற்குச் சத்தியம் பண்ணுவோம்.

"வடக்கில் தரம் இல்லை, கோட்டா கேட்கிறீர்கள்" என்று சிலர் எழுதுவார்கள், தெரியும். கோட்டா கேட்கவில்லை. யாழ் மத்திய கல்லூரியின் வியாஸ்காந்த், 2020 இல் லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்காக விளையாடி, 2024 இல் ஐ.பி.எல்.லில் ஹைதராபாத் அணிவரை போனார். அதுவும் காயப்பட்ட ஹசரங்கவின் இடத்துக்கு. சென் ஜோன்ஸ் கல்லூரியின் மாதுளன், மாலிங்க மாதிரிக் கையைச் சுழற்றி வீசி 19 வயதுக்குட்பட்ட தேசிய அணியை எட்டினார். வழி இல்லாத இடத்திலிருந்தே இரண்டு பேர் வந்திருக்கிறார்கள் என்றால், வழி போட்டால் எத்தனை பேர் வருவார்கள்? ஆப்கானிஸ்தானைப் பாருங்கள். பெஷாவர் அகதி முகாம்களில் மட்டை பிடிக்கப் பழகியவர்கள் 2024 ரி20 உலகக் கிண்ணத்தில் அரையிறுதி விளையாடினார்கள். அதே போட்டியில் நாங்கள் முதல் சுற்றோடு வீட்டுக்கு வந்தோம்.

ஜயசூரியவுக்கு இதை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. மாத்தறையிலிருந்து வந்தவர். அணியில் அவரைப் பந்து வீசுகிற, கீழே வந்து கொஞ்சம் அடிக்கிற ஆளாகத்தான் வைத்திருந்தார்கள். யாரோ துணிந்து அவரை ஆரம்பத் துடுப்பாட்ட வீரராக இறக்கினார்கள். 1996 இல் உலகமே திரும்பிப் பார்த்தது. வெளியூர்ப் பிள்ளை, தெரிவாளர்களின் துணிச்சல், இரண்டும் சேர்ந்து வந்த கிண்ணம் அது.

ஆகவே ஆறாவது யோசனை, மற்ற ஐந்தையும்விட முக்கியமானது:

முதல்தரக் கழகங்களைக் குறைத்து மாகாண அணிகளைக் கூட்டுங்கள். வடக்குக்கு ஒன்று, கிழக்குக்கு ஒன்று, அந்தந்த மண்ணில் விளையாடுகிற அணிகளாக. தெரிவு அறிவித்தல் மூன்று மொழியிலும் ஒரே நாளில் வரவேண்டும். தமிழில் பேசிப் பழக்கக்கூடிய பயிற்றுநர்களை நியமியுங்கள். வடமராட்சிக்கு ஒரே ஒரு நல்ல புற்தரை ஆடுகளமும், அதைப் பராமரிக்கச் சம்பளத்துக்கு ஒரு ஆளும் தாருங்கள். செப்டம்பர் முதலாம் திகதி மண்டைதீவில் சர்வதேச மைதானத்துக்கு ஜனாதிபதி அடிக்கல் நாட்டினார். சந்தோஷம், கை தட்டினோம். ஆனால் அங்கே வருடத்துக்கு இரண்டு நாள் இந்தியா வந்து விளையாடிவிட்டுப் போய், மிச்ச நாள் ஆடு மேய்ந்தால் எங்களுக்கு என்ன லாபம்? முதல் நாளிலிருந்தே பாடசாலைப் போட்டிகளுக்கும் மாகாணப் போட்டிகளுக்கும் அதைத் திறந்து விடுங்கள்.

பெப்ரவரிக்கு முன்னர் ஆறாவது நடக்காது. முதல் ஐந்தையாவது செய்யுங்கள். ஆறாவதை அதற்கு அடுத்த உலகக் கிண்ணத்துக்காகவாவது தொடங்குங்கள்.

எங்கள் வகுப்பில் ஒன்பதாம் ஆண்டுப் பெடியன் ஒருவன் இருக்கிறான். மென்பந்தில் இடக்கையால் வீசுகிறவன். திங்கட்கிழமை வந்து கேட்பான்: "சேர், ஏன் நிஸ்ஸங்க வரேல்லை?" அதற்குப் பதில் இருக்கிறது. "சேர், நான் எங்கை போய்ப் பேர் குடுக்கிறது?" என்று போன வருடம் கேட்டவன். அதற்கு இன்னும் பதில் இல்லை. இருக்கிறவர்கள் சொல்லுங்கள், அவனுக்குச் சொல்லிவிடுகிறோம்.

பெப்ரவரியிலும் இதே ரீவிக்கு முன்னால் இருப்போம், இன்ஷா அல்லாஹ். எங்கே போகப் போகிறோம், எங்கள் அணிதானே.