மச்சுப் பலகையும் மெழுகுப் பிசுக்கும்

எங்க ஊர் காளப்பநாயக்கன்பட்டி. நாமக்கல்லிலிருந்து காரவல்லி வழியா கொல்லிமலைக்குப் போனவங்க கடந்திருப்பீங்க. அங்க எங்க அப்பாரு கட்டின வீட்டு மச்சு முழுக்கத் தேக்குப் பலகை. அப்பத்தா இருந்தவரைக்கும் பொங்கலுக்குப் பொங்கல் அதுக்கு மெழுகு பாலிஷ் போடுவாங்க. பழசை எடுத்துட்டுப் போடணும்னு யாருக்கும் தோணலை. விளைவு? கால் வெச்சா ஒட்டுற கருப்புப் பிசுக்கு.

போன வருசம் அவசரப்பட்டு அது மேலேயே வார்னிஷ் அடிச்சோம். மெழுகு மேல வார்னிஷ் எங்க பிடிக்கும்? மூணே மாசத்துல பாம்புச் சட்டை மாதிரி உரிஞ்சு வந்துச்சு. (செலவு எவ்வளவுன்னு எங்க வீட்டம்மா முன்னாடி கேட்டுடாதீங்க மக்களே!)

இப்போ வீட்டுல ரெண்டு கட்சி. மெஷின் வெச்சுத் தேய்ச்சுடலாம்னு தம்பி. பலகையைப் பிரிச்சு வித்துட்டு, காங்கிரீட் போட்டு டைல்ஸ் ஒட்டிடலாம்னு மச்சான். செட்டிநாட்டு வீடுகள்ல கழட்டின பர்மா தேக்குத் தூணும் கதவும் காரைக்குடி கடைகள்ல அடுக்கி வெச்சிருக்கறதைப் பார்த்தவன் நான். எனக்கு மனசு வரலை.

மெஷினும் வேண்டாம்னுதான் சொல்றேன். சூட்டுல மெழுகு இளகி உப்புத்தாளை அடைச்சுக்கும். பிசுக்கோட சேர்ந்து நல்ல மரமும் தேய்ஞ்சு போகும். "மொதல்ல அடியில என்ன இருக்குன்னு பாருங்க தம்பி"ன்னு சொன்னவர், நாமக்கல்ல லாரிக்கு பாடி கட்டுற ஒரு வயசான ஆசாரி. வெள்ளைத் துணியில டர்பன்டைன் நனைச்சு ஒரு மூலையில தேய்க்கணும். பழுப்பா கறை வந்தா மெழுகு. அது போன பிறகு ஒரு சொட்டு ஸ்பிரிட். பிசுபிசுன்னு இளகினா அரக்கு பாலிஷ். ரெண்டுக்குமே அசையலைன்னா செயற்கை வார்னிஷ்.

எங்க மச்சுல மெழுகுக்கு அடியில அரக்கு! ஜார்கண்ட் பக்கம் புரசு, இலந்தை மரத்துல பூச்சி விடுற பிசின்தான் அது. அதுல ஒரு சௌகரியம், தேய்ஞ்ச இடத்துல மட்டும் புதுசா தடவினா பழசோட கரைஞ்சு ஒண்ணாயிடும். அதனால மெழுகை மட்டும் எடுத்தா போதும்.

உரிஞ்ச வார்னிஷைச் சுரண்டிட்டு, டர்பன்டைன் துணியால துடைச்சுக்கிட்டே இருக்கேன். ரெண்டு ஞாயித்துக்கிழமையில ஒரு கட்டில் அளவு இடம் ஆச்சு. தேக்கு ரேகை தெரியுது. மச்சான் வந்து பார்த்துட்டு ஒண்ணும் சொல்லலை.

டிஸ்கி: ரெண்டுமே தீப்பிடிக்கிற சரக்கு. ஜன்னலைத் திறந்து வைங்க, பீடி சிகரெட்டோட கிட்ட போகாதீங்க. நனைஞ்ச துணியைச் சுருட்டிப் போடாம வெளியில விரிச்சுக் காயப் போடுங்க.