உடம்பு பிடித்தால் நச்சு வெளியேறுமா?

பிரிக்பீல்ட்ஸில் ஜாலான் துன் சம்பந்தன், ஜாலான் தம்பிப்பிள்ளை பக்கம் நடந்து போயிருக்கிறீர்களா? பூக்கடைகளுக்கும் உணவகங்களுக்கும் நடுவே, பார்வையற்றோர் பணியாற்றும் மசாஜ் நிலையங்களின் பெயர்ப் பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். 1951இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இந்த வட்டாரத்தில்தான் இயங்குகிறது. அது கற்றுத்தரும் தொழில்களில் மசாஜும் ஒன்று.

இந்தத் தொழிலைப் பற்றி இரண்டு கருத்துகள் நம்மிடையே உலவுகின்றன. “உடம்பு பிடித்துவிட்டால் நச்செல்லாம் வெளியேறிவிடும்” என்பது ஒன்று. “விளையாடிய பிறகு தசையில் சேரும் லாக்டிக் அமிலம் கரைந்துவிடும்” என்பது மற்றொன்று. இரண்டும் சரியல்ல. கழிவுகளை அகற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும் செய்யும் வேலை. லாக்டிக் அமிலத்தையோ, ஓய்வெடுக்கும்போது உடலே சுமார் ஒரு மணி நேரத்தில் பயன்படுத்தித் தீர்த்துவிடும்.

அப்படியானால் மசாஜ் வீண்தானா? இல்லை. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 11 இளைஞர்களைக் களைத்துப்போகும்வரை சைக்கிள் மிதிக்க வைத்து, ஒரு காலுக்கு மட்டும் 10 நிமிடம் மசாஜ் செய்தார்கள். பிறகு இரு கால்களிலிருந்தும் சிறு தசைத் துணுக்குகளை எடுத்துச் சோதித்தார்கள். லாக்டிக் அமிலத்தின் அளவில் வேறுபாடு இல்லை. ஆனால் பிடித்துவிட்ட காலில் அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகள் குறைந்திருந்தன. செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்டிரியாவைப் பெருக்கும் சமிக்ஞை கூடியிருந்தது. 11 பேரை மட்டும் வைத்து முடிவு கட்டிவிட முடியாது. ஆனாலும் பழைய விளக்கம் தவறு, பலன் வேறு வழியில் வருகிறது என்று அது காட்டியது.

வலி குறைவதற்கும் காரணம் உண்டு. முழங்காலை நாற்காலியில் இடித்துக்கொண்டால் உடனே தேய்க்கிறோம் அல்லவா? தொடுவுணர்வைக் கொண்டு செல்லும் தடித்த நரம்பிழைகள், முதுகுத்தண்டிலேயே வலிச் செய்தியை ஓரளவு அடக்குகின்றன. ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் இருவரும் 1965இல் இதை ஒரு கதவுக்கு ஒப்பிட்டு விளக்கினார்கள். அந்த விளக்கம் பின்னர் திருத்தப்பட்டாலும் அடிப்படைக் கருத்து நிலைத்திருக்கிறது.

ஆக, மசாஜ் தசைவலியைத் தணிக்கும். மன இறுக்கத்தைச் சிறிது நேரம் தளர்த்தும். நீரிழிவைக் குணப்படுத்தாது, எலும்பு முறிவைச் சேர்க்காது. ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி வலித்தால் அது இரத்தக்கட்டியாக இருக்கலாம். அதைப் பிடித்துவிடுவது ஆபத்து. மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

என் கருத்து இதுதான். பொய்யான புகழ்ச்சி இந்தத் தொழிலுக்குத் தீங்கு செய்கிறது. “சர்க்கரை நோய் போய்விடும்” என்று நம்பி ஒரு தாத்தா மாத்திரையை நிறுத்தினால், முதலில் கெடுவது அவருடைய உடல்நலம். அடுத்துக் கெடுவது, முறையாகப் பயின்று நேர்மையாக உழைக்கும் பார்வையற்றவரின் பெயர். அவருடைய விரல்கள் உண்மையிலேயே தரும் நிவாரணமே அவரை மதிக்கப் போதுமானது.

மாணவர்களே, அடுத்த முறை வீட்டில் யாராவது “நச்சு வெளியேறும்” என்று சொன்னால், “எந்த நச்சு? எந்த வழியாக?” என்று பணிவோடு கேட்டுப் பாருங்கள். அறிவியல் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.