பூனைக்குட்டிக்கு ஐந்தாம் மாதமே கெடு

“ஆறு மாசம் ஆகட்டும், கூட்டிக்கிட்டு வாங்க.” பூனைக்குட்டிக்குக் கருத்தடை செய்யக் கேட்டுப் போகிறவர்களுக்குப் பல கால்நடை மருத்துவமனைகளில் இன்னமும் கிடைக்கிற பதில் இது. பழக்கத்தில் வந்த இந்தக் கணக்கைக் கைவிட்டாக வேண்டும்.

பெண் குட்டி நான்கு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடலாம். சினைக்காலம் ஏறக்குறைய 65 நாட்கள். நான்கு மாதம் முடிந்ததும் கடுவனோடு சேர்ந்த குட்டி, ஆறாம் மாதம் மருத்துவமனைக்குப் போகும்போது ஈனுவதற்கு நாள் நெருங்கியிருக்கும். அதன் உடம்பே இன்னும் வளர்ந்து முடியவில்லை. கூடப்பிறந்த கடுவன் குட்டி அதே வீட்டில் வளர்ந்தால் வெளியே போக வேண்டிய அவசியம்கூட இல்லை. பால் கொடுக்கும்போதே தாய்ப்பூனை மறுபடி சினையாகிவிடும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், தெருமுனையில் அட்டைப்பெட்டியில் விடப்படும் குட்டிகள் எங்கிருந்து வருகின்றன என்பது விளங்கும்.

நம் ஊருக்கு இந்த அவசரம் இன்னும் கூடுதல். பூனையின் பருவத்தைத் தூண்டுவது பகல் வெளிச்சம். குளிர்நாடுகளில் பகல் சுருங்கும் மாதங்களில் பூனைகள் பருவத்துக்கு வருவது குறைந்துவிடும். சென்னையிலோ ஆண்டின் மிகக் குறுகிய பகலே பதினொரு மணி நேரத்துக்கு மேல். இங்கே பூனைகள் ஆண்டு முழுவதும் குட்டி போடுகின்றன. அந்த நாடுகளே காத்திருக்க வேண்டாம் என்று முடிவுசெய்துவிட்டன. அமெரிக்காவில் 2016-ல் கூடிய கால்நடை வல்லுநர் குழு, ஐந்து மாதத்துக்குள் கருத்தடையை முடிக்கப் பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டே அந்நாட்டுக் கால்நடை மருத்துவச் சங்கம் அதை ஏற்றது.

“ஒரு தடவையாவது குட்டி போடட்டும், அப்பத்தான் உடம்புக்கு நல்லது” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது பாசத்தில்தான். ஆனால் உண்மை அதற்கு நேர்மாறு. பூனைக்கு வரும் மார்புக் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை புற்றுநோய். 2005-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆறு மாதத்துக்கு முன் கருத்தடை செய்த பூனைகளுக்கு அந்த ஆபத்து 91 சதவீதம் குறைந்திருந்தது. இரண்டு வயதுக்குப் பிறகு செய்ததில் பலனே காணப்படவில்லை. குட்டி போட்டதாலும் பாதுகாப்பு எதுவும் கிடைக்கவில்லை.

கடுவன் குட்டிக்குச் சீக்கிரம் காயடித்தால் மூத்திரப்பாதை சுருங்கி அடைத்துக்கொள்ளும் என்ற பயம் வேறு பலருக்கு இருக்கிறது. வலியால் துடிக்கும் கடுவனைப் பார்த்தவர்களின் பயம் அது, அலட்சியப்படுத்தக் கூடாது. ஆனால் ஏழு வாரத்தில் செய்தவை, ஏழு மாதத்தில் செய்தவை, செய்யாமலே விட்டவை என்று ஒப்பிட்டு அளந்தபோது பாதையின் அகலத்தில் வேறுபாடு தெரியவில்லை. கால் எலும்பு சற்று நீளமாக வளரலாம், அவ்வளவுதான். எடை கூடுவது உண்மை. எந்த வயதில் செய்தாலும் கூடும். சோற்றுத் தட்டில் அளவைக் குறைப்பதுதான் அதற்கு வழி.

மயக்க மருந்து பற்றிய கவலையில் நியாயம் இருக்கிறது. சின்ன உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும், சர்க்கரை சட்டென்று இறங்கும். அதனால் குட்டியை இரவு முழுக்கப் பட்டினி போடக் கூடாது. மேசையில் கிடக்கும் நேரமெல்லாம் வெதுவெதுப்பாக வைத்திருக்க வேண்டும். இதில் கைதேர்ந்த மருத்துவர்கள் ஒரு கிலோ எடையுள்ள எட்டு வாரக் குட்டிக்கே செய்கிறார்கள். காப்பகங்கள் தத்துக் கொடுக்கும் முன்பே அப்படிச் செய்துவிடுவது சரி, ஏனென்றால் “அப்புறம் செய்கிறோம்” என்ற வாக்கு பெரும்பாலும் மறந்துபோகும். வீட்டுக் குட்டிக்கு அவ்வளவு அவசரம் வேண்டாம். பதினாறாவது வாரத்தில் தடுப்பூசியின் கடைசித் தவணைக்கு எப்படியும் போகிறோம். அன்றைக்கே அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்கிவிடலாம். குட்டி நோஞ்சானாக இருந்தால் மட்டும் மருத்துவர் சொல்லும் நாள்வரை பொறுக்கலாம். அதுவரை வீட்டுக்குள்ளேயே, கடுவன் நெருங்காமல்.

மக்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கால்நடைக் கல்லூரிகள் சிறு குட்டிகளுக்கான மயக்க மருந்துப் பயிற்சியைப் பட்டப்படிப்பிலேயே அழுத்தமாகத் தர வேண்டும். அரசுக் கால்நடை மருத்துவமனைகள் ‘நான்கிலிருந்து ஐந்து மாதம்’ என்று வாசலில் எழுதிவைக்க வேண்டும். மாநகராட்சிகள் நாய்களுக்கு நடத்தும் இனக்கட்டுப்பாட்டு மையங்களில் வாரத்தில் ஒரு நாளைப் பூனைகளுக்கு ஒதுக்க வேண்டும். தனியார் மருத்துவமனைக் கட்டணம் கட்ட முடியாத வீடுகளிலும் பூனை வளர்கிறது. அந்தக் குட்டிக்கும் ஐந்தாம் மாதம்தான் கெடு.