எழுத்தைக் கொன்னு படமாக்கும் மகராசன்களுக்கு

டிஸ்கி: மொக்கைப் பதிவு இல்லை. வயித்தெரிச்சல் பதிவு.

அக்கா கல்யாணத்துக்கு அழைப்பு வீடியோ. முப்பது நொடி. புள்ளிக்கோலம் தானா வரையுது, மயில் தோகை விரியுது, நடுவுல "திருநிறைசெல்வி" எழும்பி வருது. நல்லாத்தான் இருந்துச்சு, தமிழ் வாத்தியாரா இருந்து ரிட்டையர் ஆன பெரிய மாமா பார்க்கிற வரைக்கும்.

"ஏன் மாப்ள, ச் எங்க?"

ஒரு ச் தானேன்னு ஸ்டூடியோவுக்கு போன் போட்டேன். (பேர் வேணாம் விடுங்க.) "அதெல்லாம் ஷேப் ஆக்கியாச்சு சார். இனிமே அது எழுத்து இல்ல, படம். முதல்ல இருந்து பண்ணணும், பாதி காசு ஆகும்."

நாம பொட்டி தட்டுற ஆளு. எக்ஸியை மட்டும் குடுத்துட்டு சோர்ஸ் கோட் தொலைஞ்சு போச்சுன்னு கஸ்டமர்கிட்ட நாம சொன்னா டமேஜர் நம்மள உயிரோட விடுவாரா? சண்டை போட்டு ப்ராஜெக்ட் ஃபைலை வாங்கிட்டேன்.

திறந்து பார்த்தப்பதான் நிஜமாவே கடுப்பாச்சு. கோலத்துக்கு டிரிம் பாத்ஸ். தொடக்கம், முடிவுன்னு ரெண்டு எண், அதை மாத்தினா கோடு நீளும், சுருங்கும். தோகைக்கு ஒரே ஒரு இறகு வரைஞ்சு ரிப்பீட்டர் போட்டிருக்காங்க. அந்த ஒரு இறகைத் திருத்தினா மொத்தத் தோகையும் மாறும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ல ஷேப் லேயர் 2007ல, சிஎஸ்3ல வந்ததே இந்த மாதிரி வேலைக்குத்தான். அப்போ இவங்களுக்கு விஷயம் தெரியாமல் இல்லை! தங்களுக்கு வேலை மிச்சமாகிற இடத்தில் எல்லாம் உயிரோடு வெச்சிருக்காங்க. கஸ்டமர் திருத்தக் கேட்கிற இடமா பார்த்துக் கழுத்தை நெரிச்சிருக்காங்க.

எழுத்தை இல்லஸ்ட்ரேட்டர்லயே அவுட்லைன் ஆக்கி, கொண்டு வந்து ஷேப்பா மாத்தியிருக்காங்க. (இந்த மாத்துற வசதி 2012ல சிஎஸ்6ல வந்தது.) குரூப் 1, குரூப் 2ன்னு வரிசை. எது தி, எது ருன்னு ஒவ்வொண்ணா கண்ணை மூடித் திறந்து கண்டுபிடிக்கணும். ஒவ்வொரு எழுத்துக்கும் தனித்தனி கீஃப்ரேம் வேற. நடுவுல ஒரு ச் நுழையணும்னா பின்னாடி இருக்கிற எல்லாத்தையும் தள்ளணும்.

சரி, சொல் நீண்டதால சட்டத்தையும் அகலமாக்கலாம்னு பார்த்தா, அந்த ரெக்டாங்கிளையும் பெசியர் பாத்தா மாத்தி வெச்சிருக்கார் புண்ணியவான். முன்னாடி அகலம், உயரம், மூலை வளைவுன்னு மூணே எண்ணு. இப்போ எட்டுப் புள்ளி. ஸ்கேல் போட்டு இழுத்தா மூலையெல்லாம் கோழிமுட்டை ஆகுது.

"தமிழுக்கு அவுட்லைன் ஆக்காம முடியாதுங்க"ன்னு யாராவது பின்னூட்டத்தில் வருவீங்க. வாங்க. பழைய வெர்ஷன்களில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம்னு சிதறினது உண்மை, நானும் பட்டிருக்கேன். எதிராளிகிட்ட ஃபான்ட் இல்லைன்னாலும் இதே கதிதான். அதனால அவுட்லைன் ஆக்குங்க, வேண்டாங்கலை. ஆக்கறதுக்கு முன்னாடி ஒரு நகல் எடுத்து வைக்க என்ன கேடு? ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்க்குள்ளேயே டெக்ஸ்டை ஷேப் ஆக்கினா, அந்த மென்பொருளே பழைய டெக்ஸ்ட் லேயரை அழிக்காம கண்ணை மட்டும் மூடி வெச்சுடும். ஒரு மென்பொருளுக்கு இருக்கிற அக்கறை மனுசனுக்கு இல்லை.

இன்னொரு கோஷ்டி, "திறந்த ஃபைலைக் குடுத்தா எங்க பிழைப்பு என்னாகும்"பாங்க. அண்ணே, உங்க மயிலை நான் வரையவே முடியாது. உங்க பிழைப்பு அந்த மயில்ல இருக்கு. என் அக்கா பேருக்கு முன்னாடி இருக்கிற ஒரு மெய்யெழுத்தில் இல்லை.

கடைசியில் "செ"ல இருந்த ச வடிவத்தை மட்டும் நகலெடுத்து, மேல ஒரு வட்டம் போட்டு, பின்னாடி இருக்கிறதையெல்லாம் தள்ளி முடிக்கும்போது ராத்திரி ரெண்டரை. காலையில் பெரிய மாமாகிட்ட காட்டினேன். கண்ணாடியைத் துடைச்சுட்டு ரெண்டு தடவை பார்த்தார்.

"சரியா இருக்கு மாப்ள. ஆனா அந்தப் புள்ளி மத்த புள்ளியை விடப் பெருசா இருக்கே?"

அவ்வ்வ்வ்...