குவிச்சு வைச்சால் ஆவணமாகிடுமா?

போன செமெஸ்டர் லீவில நாங்கள் நாலு பேர், எங்கட துறையின்ர பழைய மாணவர் சஞ்சிகைகளை ஏற்றிவைக்க ஒரு சின்ன இணையத்தளம் செய்ய வெளிக்கிட்டம். நாலு பேரும் கலைப்பீடம். கோடிங் எண்டால் பள்ளிக்கூடத்தில படிச்ச ஐசிடி மட்டும்தான். பைதன் மொழியில் எழுதப்பட்ட ஜாங்கோ என்ற திறந்த மூலச் சட்டகத்தைத் தெரிவுசெய்தம். யாரும் காசில்லாமல் எடுத்துப் பாவிக்கலாம். தேடிப் பார்த்தால் வழிகாட்டிகள் கொட்டிக்கிடக்கு. ஒன்றைப் பிடித்து வரிக்கு வரி அடிச்சம். ஓடேல்லை. மூன்று இரவு போச்சு.

பிழை எங்களில் இல்லை. ஒரு அட்டவணையை இன்னொன்றோடு இணைக்கும்போது, மூலப் பதிவு அழிந்தால் என்ன நடக்கவேணும் என்பதையும் சொல்லவேண்டும். 2017 டிசெம்பரில் வந்த ஜாங்கோ 2.0 இலிருந்து இது கட்டாயம். நாங்கள் பார்த்த வழிகாட்டி அதற்கு முந்தியது. அதைத் திருத்தினால் அடுத்த பிழை. பக்க முகவரிகளை எழுத அது சொல்லித்தந்த கட்டளை 4.0 இல் நீக்கப்பட்டுவிட்டது. அந்தப் பக்கத்தில் திகதியும் இல்லை, எந்த வேர்ஷனுக்கு எழுதினது என்றும் இல்லை.

இத்தனைக்கும் ஜாங்கோ ஆவணப்படுத்தலில் நல்ல பெயர் எடுத்தது. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் பிறந்து 2005 இல் வெளியானது. அதன் உத்தியோகபூர்வ ஆவணங்கள் கோட் இருக்கிற அதே களஞ்சியத்திலேயே இருக்கு. படிப்படியான பாடம், தலைப்பு விளக்கம், விவரக் குறிப்பு, 'எப்படிச் செய்வது' என்று நாலாகப் பிரித்து வைத்திருக்கினம். வேண்டிய வேர்ஷனையும் தெரிவுசெய்து படிக்கலாம்.

அப்ப அதை மட்டும் படிச்சால் போதாதா? போதாது. சஞ்சிகைத் தலைப்பிலிருந்து முகவரி உருவாக்க ஜாங்கோவில் ஒரு வசதி இருக்கு. 'தமிழ்' என்று கொடுத்தால் சாதாரணமாக வெறுமை வரும். யூனிகோடை அனுமதி என்று சொன்னால் 'தமழ' என்று வருது! விசிறியும் குற்றும் எழுத்துக் கணக்கில் வராததால் கழன்று போகுது. உத்தியோகபூர்வப் பக்கத்தில் இதற்குத் தந்திருக்கிற உதாரணம் சீன எழுத்து. அது ஒழுங்காக வேலை செய்யும். எங்களுக்கு வாற பிரச்சினையை நாங்கள் எழுதாவிட்டால் ஆர் எழுதுவினம்?

சமூகம் எழுதுகிற ஆவணம் தேவைப்படுவது இதுக்குத்தான். ஆனால் அது விக்கியில் கொஞ்சம், தனியாள் கட்டுரைகளில் கொஞ்சம், வீடியோக்களில் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கு. பதில் எங்கேயோ இருக்கும். ஏற்கெனவே தெரிஞ்சவருக்குத்தான் அது கண்ணில் படும்.

நாங்களும் முதலில் செய்தது லிங்க் சேர்த்ததுதான். அறுபது லிங்க் சேர்ந்தது. பிறகுதான் விளங்கிச்சு, இன்னொரு குவியலைத்தான் செய்திருக்கிறம் என்று. கம்பஸுக்கு முன்னால போட்டோகொப்பிக் கடையில் வாங்குற சீனியர் நோட்ஸ் மாதிரி. எந்த வருசம், எந்தப் பாடத்திட்டம், ஒண்டும் தெரியாது. சோதனைக்கு முதல்நாள்தான் தெரியும், இது எங்கட பாடமே இல்லை என்று.

ஒழுங்குபடுத்துவது என்றால் முடிவெடுப்பது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் வேர்ஷனும் கடைசியாகச் சரிபார்த்த திகதியும் இருக்கவேணும். இது பழகுபவருக்கான பாடமா, அவசரத்துக்குப் பார்க்கிற குறிப்பா என்று பிரிக்கவேணும். ஒரே விசயத்தில் ஐந்து பக்கம் இருந்தால் நல்லதை வைத்து, மற்றதுகளை அதற்குத் திருப்பிவிடவேணும். பழையதை அழிக்கத் தேவையில்லை. 'இது பழசு' என்று கொட்டை எழுத்தில் போட்டால் காணும். முக்கியமாக, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பொறுப்பாள் வேணும்.

'இப்ப ஏஐயிட்டக் கேட்டால் சொல்லுந்தானே' என்று கூட்டாளிமார் சொல்லுகினம். கேட்டுப் பார்த்தம். பழைய வேர்ஷனையும் புதியதையும் கலந்து தந்தது. அதுவும் இந்தக் குவியலைத்தானே படிச்சிருக்கு.

மேலே சொன்ன வேலைகளில் எதுக்கும் கோட் எழுதத் தெரியத் தேவையில்லை. கவனமாக வாசிக்க, ஒப்பிட, வகைப்படுத்த, எளிமையாக எழுதத் தெரியவேணும். கலைப்பீடத்தில் நாங்கள் வேற என்ன படிக்கிறம்? அதோட, எந்த இடத்தில் தடுக்கி விழுந்தம் என்பது புதிசாப் படிக்கிறவருக்குத்தான் நினைவிருக்கும். ஆறு மாதம் போனால் அது எங்களுக்கே மறந்திடும்.

அந்த அறுபது லிங்கில் பதினொன்றைத்தான் மிச்சம் வைச்சிருக்கிறம். 'தமழ' பற்றி ஒரு பக்கம் எழுதி, ஜாங்கோ 5.2 இல் சரிபார்த்தது என்று திகதியோடு போட்டிருக்கிறம். அடுத்த பேட்சில் ஆராவது அதைப் பொறுப்பெடுக்க வேணும். வாறீங்களா?