வால்வு சூடாகும் வரை

மட்டாஞ்சேரி ஜூ டவுனில் ஒரு காலத்தில் மிளகும் சுக்கும் மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்த கிடங்குகள் பல இன்று பழம்பொருள் கடைகள். மரத்தூண், உருளி, கப்பல் விளக்கு, வால்வு ரேடியோ எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடக்கின்றன. இப்படிப்பட்ட கடைக்கு அபூர்வமாக ஒரு ஜூக்பாக்ஸ் வந்து சேர்ந்தால் என்ன நடக்கும்? பழைய ரேடியோக்களுக்கு நேர்ந்ததுதான். உள்ளே இருக்கும் வால்வு ஆம்ப்ளிபயரைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டு, உள்ளங்கை அகலத்தில் ஒரு சிப் போர்டை மாட்டி, செல்போனிலிருந்து பாட வைப்பார்கள். வாங்குபவருக்கும் விளக்கு மின்னினால் போதும். எனக்கு இது சம்மதமில்லை.

ஜூக்பாக்ஸ் என்றதும் கண்ணில் வரும் வளைந்த முகப்பும் குமிழியிடும் வண்ண விளக்குகளும் அமெரிக்காவில் 1946இல் வந்த வுர்லிட்சர் 1015 மாடலுடையவை. அதில் 24 இசைத்தட்டுகள், எல்லாம் 78 சுற்று. 56,000க்கும் மேல் தயாரானது. 1950இல் சீபர்க் நிறுவனம் 45 சுற்றுத் தட்டுக்கு மாறியது. நம் நாட்டில் இது ஓட்டல் சமாசாரம். மும்பை கொலாபாவின் காஃபே மோண்டெகார் ஜூக்பாக்ஸுக்குப் பெயர் போனது. மட்டாஞ்சேரியின் வழக்கம் வேறு. காசு போட்டுக் கேட்ட ஊரல்ல, ஆர்மோனியத்தைச் சுற்றி உட்கார்ந்து கேட்ட ஊர். 1981இல் மறைந்த பாடகர் மெஹபூப் இந்தப் பக்கத்துக்காரர்தான். பாட்டு விஷயத்தில் இவ்வளவு காது உள்ள ஊரிலேயே பெட்டியை ஊமையாக்குவதுதான் உறுத்துகிறது.

அமெரிக்கர்கள் 'டியூப்' என்பதை ஆங்கிலேயர்கள் 'வால்வு' என்றார்கள். நமக்கும் வால்வு செட்தான். 'வெற்றிடக் குழல்' என்று நான் மொழிபெயர்த்து எழுதினால் எந்த மெக்கானிக்கும் திரும்பிப் பார்க்கமாட்டார். கபாசிட்டரை அவர்கள் கண்டென்ஸர் என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

ஏனென்றால் கோளாறு பெரும்பாலும் அங்கேதான். வால்வு எரிந்துவிட்டது என்று நினைப்போம். வால்வு ஐம்பது வருடம் கழித்தும் நன்றாகவே இருக்கும். காகிதமும் மெழுகும் வைத்துச் செய்த கண்டென்ஸர்கள் அப்படியல்ல. அதிலும் மட்டாஞ்சேரியின் உப்புக்காற்றும் இடவப்பாதி மழையின் ஈரமும்! ஈரம் குடித்த கண்டென்ஸர் மின்சாரத்தைக் கசியவிடும். கசிவு அவுட்புட் வால்வின் கிரிட்டுக்குப் போனால் வால்வு கட்டுப்பாடு இழந்து, உள்ளேயிருக்கும் தகடு சிவக்கச் சூடேறும். அடுத்து எரிவது அவுட்புட் டிரான்ஸ்பார்மர். சில ரூபாய் சாமான் ஒன்று, தேடினாலும் கிடைக்காத சாமானைத் தின்றுவிடுகிறது.

ஆகவே பல வருடம் தூங்கிய பெட்டியை நேராகப் பிளக்கில் சொருகுவது கொலைக்குச் சமம். விஷயம் தெரிந்தவர்கள் முதலில் 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டுத்தான் கரண்ட் கொடுப்பார்கள். பல்பு முழுசாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். லேசாக மினுங்கினால் மேலே போகலாம். ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இரைந்தால் பில்டர் கண்டென்ஸர் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். சுவிட்சை அணைத்த பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் உள்ளே பதுங்கியிருக்கும். ஒரு கையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலை செய் என்பது இந்தத் தொழிலின் பழைய பாடம். இரண்டு கையும் உள்ளே போனால் கரண்ட் நெஞ்சு வழியாகப் பாயும்.

ஆம்ப்ளிபயர் சரியான பிறகும் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்கப் பெட்டிக்கு 117 வோல்ட், 60 சைக்கிள் மின்சாரம். வோல்ட்டை டிரான்ஸ்பார்மர் வைத்துக் குறைத்துவிடலாம். சைக்கிளை என்ன செய்வது? நம்முடைய 50 சைக்கிளில் மோட்டார் மெதுவாகச் சுற்ற, 45 சுற்றுத் தட்டு முப்பத்தேழரையில் ஓடும். சுருதி மூன்று ஸ்வரஸ்தானத்துக்கு மேல் இறங்கி, லதா மங்கேஷ்கர் கிட்டத்தட்ட ஆண் குரலில் பாடுவார். மோட்டார் தண்டில் சற்றுப் பருமனான ஒரு பித்தளை புஷ் கடைந்து மாட்டினால் தீர்ந்தது. லேத் பட்டறையில் சின்ன வேலை.

சாமானுக்குப் பஞ்சமில்லை என்பதுதான் ஆச்சரியம். பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1961இல் ரேடியோ வால்வு தயாரிக்கத் தொடங்கியது. அந்தக் காலம் போய்விட்டது. ஆனால் ரஷ்யா, ஸ்லோவாகியா, சீனா ஆகிய நாடுகளில் புது வால்வுகள் வருகின்றன. அதற்குக் காரணம் ஜூக்பாக்ஸ் ரசிகர்கள் அல்ல, எலக்ட்ரிக் கிடார் வாசிப்பவர்கள். 1936இல் ஆர்.சி.ஏ. கொண்டுவந்த 6எல்6 வால்வு பல ஜூக்பாக்ஸ்களிலும் உண்டு, கிடார் ஆம்ப்ளிபயர்களிலும் உண்டு. இவர்கள் புண்ணியத்தில் அவர்களுக்கும் கிடைக்கிறது.

குறைவது கைதான். வால்வு செட்டில் தொழில் பழகியவர்கள் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். அவர்களிடம் இரண்டு மாதம் பக்கத்தில் உட்கார ஒரு பையன் கிடைப்பது, ஸ்லோவாகியாவிலிருந்து வால்வு தருவிப்பதைவிடக் கஷ்டம்.

ஜூ டவுனில் அப்படி ஒரு பெட்டியைப் பார்த்தால், விலை கேட்கும் முன் பின்பலகையைக் கழற்றச் சொல்லுங்கள். துருப்பிடித்த இரும்புத் தட்டும் கண்ணாடிக் குமிழ்களும் தெரிந்தால் பேரம் பேசலாம். பச்சை நிறத்தில் சின்ன போர்டு மட்டும் இருந்தால் பாதி விலைக்குக் கேளுங்கள். கடைக்காரர் கழற்றவே தயங்கினால், அடுத்த கடையில் உருளி நன்றாக இருக்கும்.